தளவானூர் வெண்பாவும் நினைவுப் பொறியும்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோருள் தளவானூர்க் குடைவரையையும் கண்டு மீள்வோர் மிகச் சிலரே. கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குன்றைக் குடைந்து எடுப்பித்த கோயில் அது. சத்துருமல்லேசுவராலயம் என்பது அதன் பெயர். தென்திசை நோக்கிய அதன் முகப்பில் மகர தோரணம் வளைந்து நிற்கும். தூண்களில் இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று வடமொழிச் சுலோகம். மற்றொன்று தமிழ் வெண்பா. மன்னன் ஒருவன் இம்மலையில் சிவபெருமானுக்கு இடம் அமைத்து அதற்குத் தன் பெயரையே சூட்டினான் என்பது இரண்டிற்கும் பொதுவான செய்தி.

இக்கட்டுரை அக்கோயிலின் கலையைப் பற்றியதன்று. மனிதனின் அறிதலையும் நினைவையும் ஒத்து இயங்கும் கணிப்பொறிகளை எங்ஙனம் அமைப்பது என்னும் வினா, அறிவியல் உலகில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டு வருவது. அதனை விளக்கத் தளவானூர் வெண்பாவைக் காட்டாகக் கொள்கிறோம். பொறியியலுக்கும் கல்வெட்டியலுக்கும் என்ன உறவு என வினவலாம். சிதைந்த கல்வெட்டொன்றைப் படிப்பவரின் உள்ளத்தில் நிகழ்வது எதுவோ, அதனையே இப்பொறிகளும் செய்ய முயல்கின்றன. ஆதலின் உறவு நெருங்கியதே.

முதற்கண் வெண்பாவைக் காண்போம். அதன் மூன்றாம் அடி, அம்பினைக் குறிக்கும் 'சரம்' என்னும் சொல்லுடன் தொடங்குகிறது. கோயிலின் பெயர் அவ்வடியின் இறுதியில் தொடங்கி, 'மல்லேச்' என்னும் அளவில் முறிந்து, நான்காம் அடியின் முதலில் 'சரம்' என நிறைவு பெறுகிறது. முன்னையது அம்பு, பின்னையது ஈச்சரம் என்பதன் ஈறு. பாடியவர் சொல்லின்பம் கருதி இதனைச் செய்திருத்தல் வேண்டும். இனி, நான்காம் அடியின் அத்தொடக்கம் மழையாலும் வெயிலாலும் தேய்ந்து போயிற்று என ஒரு பேச்சுக்குக் கொள்க. யாப்பறிந்தவர் அதனை மீட்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடியும் ஆகாது. 'மல்லேச்' என்பது மாச்சீர். மாமுன் நிரை வருதல் வெண்டளை. எனவே தொலைந்த சீர் நிரையசையில் தொடங்கியிருத்தல் வேண்டும். மூன்றாம் அடியோடு எதுகை பொருந்த வேண்டுமாதலின் இரண்டாம் எழுத்து ரகரமாதல் வேண்டும். முறிந்து நிற்கும் பெயர் தன் ஈற்றைத் தானே வேண்டி நிற்கிறது. தளை, எதுகை, பொருள் என்னும் மூன்றும் ஒரே இடத்தைச் சுட்டும்போது வேறு சொல்லுக்கு அங்கே வாய்ப்பில்லை. படிப்பவர் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிப் பார்ப்பதும் இல்லை; மூன்றும் ஒருங்கே இழுக்க, சொல் தானே வந்து நிற்கிறது.

இத்தகைய நிரப்புதல் சிதைந்த கல்வெட்டுகளுக்கு மட்டும் உரியதன்று. சிதையாத கல்வெட்டிற்கும் அது வேண்டும். கல்லில் பொறித்தோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவதில்லை. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்துவதும் இல்லை. 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் கல்லில் ஒன்றுபோலவே காட்சியளிக்கும். நிலக்கொடை கூறும் சாசனத்தில் அதனை 'ஏரி' எனத் தயங்காது படிக்கிறோம். கல் தருவது பாதி; மீதி படிப்பவரின் நினைவு தருவது.

அரசன் யார் என்பதை அறிஞர் கண்ட வழியும் இத்தகையதே. தளவானூர்க் கல்வெட்டுகளில் மகேந்திரன் என்னும் பெயர் இல்லை. சத்துருமல்லன் என்னும் விருது உண்டு. அவ்விருது திருச்சிராப்பள்ளி மலைக்குகைக் கல்வெட்டில் குணபரன் என்பவனுக்கு வழங்குகிறது. குணபரன் என்னும் பெயர் அரக்கோணத்துக்கு அணித்தாய மகேந்திரவாடியில், மகேந்திரபுரம், மகேந்திர தடாகம் ஆகிய பெயர்களோடு சேர்ந்து வருகிறது. ஒன்று மற்றொன்றை நினைவூட்ட, மூன்றாவது ஊரில் விடை கிடைக்கிறது. ஹுல்ட்ஸ் முதலிய கல்வெட்டறிஞர் இவ்வகைத் தொடர்புகளை எந்தப் பொறியின் துணையுமின்றித் தம் நினைவிலிருந்தே கண்டனர்.

இனிக் கணிப்பொறியின் நினைவு எத்தகையது என்று பார்ப்போம். 1945இல் ஜான் வான் நாய்மன் எழுதிய அறிக்கையே இன்றைய கணிப்பொறி அமைப்புக்கு மூலம். கணக்கிடும் உறுப்பு வேறு, நினைவு உறுப்பு வேறு என அவர் வகுத்தார். 'நினைவு' என்னும் சொல்லை அவர் வீணே ஆளவில்லை. மக்கல்லக், பிட்ஸ் என்னும் இருவர் 1943இல் நரம்பணுக்களைத் தருக்க உறுப்புகளாகக் கொண்டு எழுதிய கட்டுரையை அவர் தம் அறிக்கையில் எடுத்தாண்டிருக்கிறார். ஆயினும் உருவான பொறியின் நினைவு மனித நினைவை ஒத்ததன்று; எண்ணிட்ட அறைகளை உடைய பேழையை ஒத்தது. எந்த அறை என்று எண் கூறினால், உள்ளே இருப்பதைப் பிழையின்றித் தரும். எண் தெரியாவிடில், உள்ளே இருப்பதன் பாதியைக் கூறினாலும் அதனால் பயனில்லை. ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்க்க வேண்டும். மேலும், ஒவ்வொரு சிறு கணக்கிற்கும் பேழைக்கும் கணக்கிடும் உறுப்புக்கும் இடையே செய்தி போய் வர வேண்டும். இவ்விடைவழியின் நெருக்கடியை ஜான் பேக்கஸ் 1977இல் தம் டூரிங் பரிசுச் சொற்பொழிவில் 'வான் நாய்மன் இடுக்கு' என்று பெயரிட்டுக் கடிந்தார்.

நம் நாட்டில் இவ்வகைப் பொறியை முதலில் அமைத்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் 1926இல் சென்னையில் பிறந்த ர. நரசிம்மன். பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் அவருடைய குழுவினர் அமைத்த பொறி 1960இல் இயங்கத் தொடங்கியது. 1962இல் அதற்கு டிப்ராக் என்னும் பெயர் சூட்டப்பட்டது. காந்தக் கருக்களாலான அதன் நினைவு, நாற்பது இருமக் குறிகள் கொண்ட சொற்கள் 2,048 அளவினது. இன்று சிறுவர் விளையாட்டுப் பொருளிலும் அதனினும் மிகுதியான நினைவு உண்டு. எனினும் நரசிம்மன் அத்துடன் நின்றாரல்லர். பின்னாளில் அவர் மொழியை மனிதன் பெறுவதும் ஆள்வதும் எவ்வாறு எனும் ஆராய்ச்சியில் இறங்கினார். 1981இல் மொழிநடத்தைக்கு மாதிரி வகுப்பது பற்றியும், 2004இல் மேலைநாட்டினதும் இந்தியாவினதும் எழுத்தறிவு மரபுகளை ஒப்பிட்டும் நூல்கள் எழுதினார். எண்ணிட்ட அறைகளைக் கட்டியவரே, வாய்மொழியாகக் கற்று வாய்மொழியாகக் காத்த ஒரு மரபின் அறிவு எவ்வகையது என்று கேட்டது சிந்திக்கத்தக்கது. தமிழ்த் துறையினர் அவர் நூல்களை இன்னும் போதிய அளவு படிக்கவில்லை என்பதே எம் கருத்து.

வாய்மொழி மரபின் உச்சியில் நின்றோர் அவதானியர். கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்தினார். ஒரே வேளையில் மனம் பற்றி வைக்கக்கூடிய பொருள்கள் ஏழை ஒட்டியன என்று 1956இல் உளவியலறிஞர் ஜார்ஜ் மில்லர் கூறினார். அங்ஙனமாயின் நூறு எப்படி? பல பொருள்களை ஒரு பொருளாகத் திரட்டிக்கொள்ளும் திறத்தால் என்பது மில்லரின் விடை. எழுத்துகள் அசையாய், அசைகள் சீராய், சீர்கள் அடியாய்த் திரளும் யாப்பு, தமிழருக்கு அத்தகைய திரட்டலைக் கற்பிக்கும் பள்ளியாக இருந்திருத்தல் வேண்டும்.

பேழையல்லாத நினைவைப் பொறியில் அமைக்க இயலுமோ? இயலும் என்பதை 1982இல் ஜான் ஹாப்ஃபீல்டு என்னும் இயற்பியலார் தெளிவாகக் காட்டினார். அதற்கு அடிப்படை 1949இல் டொனால்டு ஹெப் கூறிய கொள்கை: ஒருங்கே கிளர்ச்சியுறும் நரம்பணுக்களின் இணைப்பு வலுப்பெறும் என்பது. ஹாப்ஃபீல்டின் அமைப்பில் நரம்பணுவை ஒத்த அலகுகள் பல உண்டு. ஒவ்வொன்றும் விழித்திருக்கும், அல்லது உறங்கியிருக்கும். ஒவ்வொன்றும் ஏனைய எல்லாவற்றோடும் பிணைந்திருக்கும். ஒரு வடிவத்தைக் கற்பிக்கும்போது அதில் ஒருங்கே விழித்திருக்கும் அலகுகளின் பிணைப்பு வலுவாகிறது. பின்னர் அவ்வடிவத்தின் ஒரு பகுதியை மட்டும் கொடுத்தால், விழித்த அலகுகள் தம்மோடு பிணைந்தவற்றை எழுப்ப, பொருந்தாதன அடங்க, முழு வடிவமும் மீள்கிறது. செஞ்சிக் குன்றுகளில் பெய்யும் மழையை நினைத்துப் பார்க்கலாம். ஒரு சரிவில் எவ்விடத்தில் விழுந்த துளியாயினும் அச்சரிவிற்குரிய ஏரியையே சென்றடையும். ஏரிகள் கற்ற வடிவங்கள். துளி விழும் இடம் நாம் கொடுக்கும் குறிப்பு. இங்கு அறை எண் இல்லை. நினைவு வேறு, கணக்கிடல் வேறு என்பதும் இல்லை. பிணைப்புகளே நினைவு, அவற்றின் வழி ஓடுவதே கணக்கு. தளவானூர் வெண்பாவில் தளையும் எதுகையும் பொருளும் செய்த வேலையை இங்கே பிணைப்புகள் செய்கின்றன. இப்பணிக்காக ஹாப்ஃபீல்டுக்கு 2024ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு, ஜெஃப்ரி ஹிண்டனோடு பகிர்ந்து வழங்கப்பட்டது.

மூளையிலும் இத்தகைய அமைப்பு உண்டென்று டேவிட் மார் 1971இலேயே கருதினார். மூளையின் உட்புறத்தில் கடற்குதிரை வடிவில் வளைந்த பகுதி ஒன்று உண்டு. அதற்கு ஹிப்போகாம்பசு என்று பெயர். வலிப்பு நோய்க்காக 1953இல் ஹென்றி மொலைசன் என்பவரின் மூளையிலிருந்து அப்பகுதியில் பெரும்பங்கு நீக்கப்பட்டது. பேச்சும் அறிவும் பழைய நினைவுகளும் அவருக்குக் கெடவில்லை. புதிய நிகழ்ச்சிகளை நினைவில் நிறுத்தும் ஆற்றல் மட்டும் போயிற்று. பிரெண்டா மில்னர் ஆராய்ந்த அவர், 2008இல் இறக்கும்வரை ஒவ்வொரு நாளையும் புதியதாகவே கண்டார். விரைவில் கற்கும் நினைவும் மெல்ல ஊறும் நினைவும் வெவ்வேறு என்பதும், இரண்டும் தம்முள் துணை செய்கின்றன என்பதும் இதனால் விளங்கின. பொறியமைப்போர் இதனைப் பின்பற்றுகின்றனர். 1983இல் தோன்றிய சோர் என்னும் அறிதல் அமைப்பில் செயல்படு நினைவும் நெடுநினைவும் தனித்தனியே வகுக்கப்பட்டன. ஜான் ஆண்டர்சனின் அமைப்பிலோ, அடிக்கடி ஆளப்படும் நினைவு கூர்மையுறும், ஆளாதது மங்கும்.

இவையெல்லாம் பெரும்பாலும் பழைய வகைப் பொறியின்மேல் எழுதிய நிரல்கள். பொறியின் உடலையே மாற்றும் முயற்சி வேறு. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உண்டு. அது செலவிடும் ஆற்றல் சுமார் 20 வாட், ஒரு சிறு விளக்கின் அளவே. இதனைக் கண்டு நாணித்தான் போலும், 2014இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் தர்மேந்திர மோதாவின் குழுவினர் 10 இலட்சம் செயற்கை நரம்பணுக்களையும் 25.6 கோடி இணைப்புகளையும் ஒரே சில்லில் அமைத்தனர். அதில் நினைவு ஒரு மூலையில் குவிந்திராமல் 4,096 கருக்களிலும் பரந்திருந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமியும் அவர் குழுவினரும் 2024இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒருபடி செல்கிறது. ஒரு மூலக்கூற்றுப் படலம் மின்சாரத்தைக் கடத்தும் தன்மையில் 16,500 வெவ்வேறு நிலைகளைக் காட்டுகிறது. சேமிப்பதும் கணக்கிடுவதும் அதே படலத்தில் நிகழ்கின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மூளை ஆய்வு மையமோ பொறியைவிட மூளையையே முதலில் அறியவேண்டும் என்னும் நெறியில் நிற்பது. கருவிலுள்ள குழந்தையின் மூளையை 5,132 நுண்வெட்டுகளின் படங்களாக அது 2024இல் வெளியிட்டது.

இதுகாறும் கூறியவை இவ்வமைப்பின் சிறப்புகள். குறையையும் கூறுதல் வேண்டும். தமிழாய்வாளர்க்கு அதுவே முதன்மையானது. ஹாப்ஃபீல்டின் அமைப்பில் அலகுகள் ஆயிரம் எனின், அது தாங்கும் வடிவங்கள் ஏறத்தாழ 138. அதற்கு மேல் கற்பித்தால் நினைவு குலையும். அவ்வெல்லைக்குள்ளும் ஒரு தீங்கு உண்டு. கற்பித்த ஏரிகளுக்கு இடையே, கற்பிக்காத குளங்கள் சில தாமே தோன்றுகின்றன. மூன்று வடிவங்களின் கலப்பாக அமையும் அப்போலி நினைவில் துளி சென்று தேங்கினால், பொறி அதனையும் உண்மை நினைவைப் போலவே உறுதியாக எடுத்துரைக்கும். மனிதனும் அவ்வாறே. பார்ட்லெட் என்னும் உளவியலார் 1932இல் வெளியிட்ட ஆய்வில், அயல்நாட்டுக் கதையொன்றைப் படித்துப் பின்னர் நினைவிலிருந்து கூறியோர், தமக்குப் பழகிய பொருள்களை அதனுள் புகுத்தியும் பழகாதனவற்றை மாற்றியும் கூறினர். தாம் மாற்றியதை அவர்கள் உணரவுமில்லை. நினைவு தான் கண்டதையும் தான் நிரப்பியதையும் ஒரே மையால் எழுதுகிறது.

இத்தீங்கு இன்று கல்வெட்டியலின் வாயிலில் வந்து நிற்கிறது. 2022இல் இத்தாக்கா என்னும் அமைப்பு கிரேக்கக் கல்வெட்டுகளின் சிதைவுகளை நிரப்ப ஆக்கப்பட்டது. தெரிந்த எழுத்துகளை மறைத்துச் சோதித்தபோது, அது தனியே 62 விழுக்காடு சரியாக நிரப்பியது. வரலாற்றறிஞர் தனியே 25 விழுக்காடு. அறிஞர் அதன் துணையோடு 72 விழுக்காடு. இவ்வமைப்பின் உள்ளே இயங்கும் கவனமுறையும் ஹாப்ஃபீல்டு நினைவின் புதிய வகையும் கணித அளவில் ஒன்றே என்று 2020இல் ஆஸ்திரிய நாட்டு ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஆகவே போலிக் குளங்கள் அங்கும் இருக்கும் என்று எதிர்பார்ப்பதே அறிவுடைமை. தமிழ்க் கல்வெட்டுகளுக்கும் இத்தகைய அமைப்பு வரத்தான் போகிறது, வருவதும் நன்றே. ஆனால் எங்கே அது உதவும், எங்கே கெடுக்கும் என்பதை இப்போதே வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழர் கல்வெட்டுகளின் தலைப்பில் மெய்க்கீர்த்தி வரும். ஒரே மெய்க்கீர்த்தி பல ஊர்களில் திரும்பத் திரும்பப் பொறிக்கப்பட்டிருப்பதால், ஒன்றில் சிதைந்த சொல்லை மற்றொன்றிலிருந்து ஐயமின்றி நிரப்பலாம். இங்கே நினைவுப் பொறி சிறந்த துணைவன். ஆனால் அம்மெய்க்கீர்த்தி ஆட்சி ஆண்டு ஏற ஏற, புதிய வெற்றிகள் சேர்ந்து வளர்வது. தொடக்க ஆண்டுக் கல்வெட்டொன்று இடையில் உடைந்திருக்கிறது எனின், மிகுதியும் பழகிய நீண்ட வடிவத்தையே பொறி அங்கே நிரப்பும். அதனால் முன்னைய சாசனம் பின்னையதாகிவிடும். ஆட்சி ஆண்டின் எண் தேய்ந்திருந்தாலோ, நிலத்தின் அளவு தேய்ந்திருந்தாலோ, கொடையாளியின் பெயர் தேய்ந்திருந்தாலோ கேடு இன்னும் பெரிது. அவ்விடங்களைக் கட்டுப்படுத்தும் யாப்பும் இல்லை, மரபுத் தொடரும் இல்லை. மரபுத் தொடரில் தொலைந்தது எளிதில் மீளும். அதனால் நாம் அறிவது சிறிது. எண்ணில் தொலைந்தது மீளாது. வரலாறு முழுதும் அதனுள்ளேதான் இருந்தது.

ஆதலின் இத்துறைக்கான பொறி மனித மூளையை முற்றும் பின்பற்றுதல் கூடாது என்பது எம் துணிபு. இரண்டு நினைவுகள் அதில் தனித்தனியே இருத்தல் வேண்டும். கல்லில் உள்ளது உள்ளவாறே, மைப்படியோடும் ஒளிப்படத்தோடும், எவரும் மாற்றவியலாத அறைகளில் இருக்கட்டும். அங்கே பழைய பேழையே ஏற்றது. நிரப்பும் நினைவு அதற்குப் புறத்தே நின்று, ஒரு விடையன்றிப் பல விடைகளை, ஒவ்வொன்றின் வாய்ப்பளவோடும், எந்தக் கல்வெட்டுகளின் நினைவால் அவ்விடை எழுந்தது என்னும் சான்றோடும் தரட்டும். பதிப்பாசிரியர் ஐயத்துக்குரிய எழுத்துகளைச் சதுர அடைப்புக்குறிக்குள் இடும் வழக்கம் பழையது. மூளையால் இயலாத அதனை அவர்கள் தாளில் செய்தனர். பொறியின் உள்ளமைப்பிலேயே அதனைச் செய்ய இயலும். இத்தாக்கா பல விடைகளை வரிசைப்படுத்தித் தருவது இத்திசையில் ஒரு நல்ல தொடக்கம்.

இத்தகைய பொறி ஒன்று ஆக்கப்பெறுமாயின், அதனைத் தளவானூர் வெண்பாவைக் கொண்டே இருமுறை சோதித்துப் பார்க்கலாம். முதலில் நான்காம் அடியின் 'சரம்' என்பதை மறைத்துக் கேட்க வேண்டும். யாப்பு அறிந்த பொறி அதனைத் தயங்காமல் தரும்; தளையும் எதுகையும் காரணமென்று காட்டவும் வேண்டும். அடுத்து, முதலடியில் உள்ள அரசன் பெயரின் முதலெழுத்தை மறைக்க வேண்டும். கல்லில் இருப்பது நரேந்திரப் போத்தரையன் என்பது. மகேந்திரன் என்று வைத்தாலும் அசையளவு மாறாது, எதுகைக்கும் ஊறில்லை, வரலாற்றோடும் பொருந்தும். மகேந்திரனைப் பன்னூறு முறை கண்ட பொறி 'ம' என்றே விடை கூற விழையும். நம்மில் பலரும் அவ்வாறே கூறுவோம். அவ்விடத்தில் 'ம', 'ந' என்னும் இரண்டையும் முன்வைத்து, இவற்றுள் ஒன்றைத் தெரிய யாப்பும் பொருளும் உதவா, கல்லையே மீண்டும் காண்க என்று கூறும் பொறியையே கல்வெட்டுத் துறை ஏற்றுக்கொள்ளலாம்.